யாருமில்லை என்ற பொத்தான்

வராந்தா விளக்கு சின்னவளுக்கு மட்டும் எரியவில்லை.

ஆள் வந்தால் தானே எரிந்து, ஆள் போனால் தானே அணைகிற விளக்கு அது. நாலாவது மாடியில் லிஃப்டுக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவே, சன்னல் இல்லாமல், பழைய பெயின்டும் ஈரச் சுவரும் கலந்து மணக்கிற அந்த நீள வராந்தாவில் பகலில்கூட விளக்கில்லாமல் நடக்க முடியாது. அன்று மாலை அக்காளும் தங்கையும் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். அக்கா முன்னால் நடந்தாள், விளக்கு எரிந்தது. கதவைத் திறந்து பையை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினாள், விளக்கு அணைந்து கிடந்தது. அந்த இருட்டுக்குள்ளிருந்து இடது காலை இழுத்து வருகிற செருப்புச் சத்தம் மட்டும் வந்தது. சர்ர்... டக். சர்ர்... டக்.

“ஏய், கைய ஆட்டுடி. எரியும்.”

சின்னவள் ஆட்டினாள், எரியவில்லை. தலைக்கு மேலே கையைத் தூக்கித் தட்டினாள், அப்போதும் எரியவில்லை. கடைசியில் பத்து விரலையும் நகம் போல வளைத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, பேய் மாதிரி தள்ளாடி வந்து வாசலில் நின்றாள். அக்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

சின்னவளுக்குப் பிறவியிலேயே பேச்சு இல்லை. காது கேட்கும், எல்லாம் புரியும்; எழுத்துத்தான் ஏனோ ஒட்டவே இல்லை. தொண்டைக்குள்ளிருந்து ‘ம்க்’ என்று ஒரு சத்தம் வரும். முப்பத்திரண்டு வருஷமாக அதற்கு ‘அக்கா’ என்று அர்த்தம். மற்றதெல்லாம் கையும் புருவமும் பார்த்துக்கொள்ளும். தெரு முனைச் சலவைக் கடையில் துணி மடிக்கிற வேலை பார்த்தாள். அக்காவின் வீட்டுக்காரர் அவளை ‘வாயாடி’ என்றுதான் கூப்பிடுவார். “என்ன வாயாடி, இன்னிக்கு உன் சத்தம் தெருவையே தூக்குதே?” என்பார். அவள் காதைப் பொத்திக்கொண்டு, நீங்கள்தான் கத்துகிறீர்கள் என்று காட்டுவாள். அம்மா போன பிறகு அந்த வீட்டில் சிரிப்பு என்று இருந்ததெல்லாம் பாதி அவளுடையது.

அக்காவுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: காதுக்காரி. வேலையிடத்தில் வைத்த பெயர். வேலையிடம் என்றால் எங்கோ இல்லை, படுக்கையறை மூலையில் ஒரு மேசை, ஒரு கணினி, காதை முழுசாக மூடுகிற ஹெட்போன், அவ்வளவுதான். எங்கெங்கோ இருக்கிற வீடுகளின் சத்தங்கள் ஐந்து ஆறு விநாடித் துண்டுகளாக வரும். குழாய் சொட்டும், நாய் உடம்பை உதறும், யாரோ நாற்காலியை நகர்த்துவார்கள். கேட்டுவிட்டு நாலு பொத்தானில் ஒன்றை அழுத்த வேண்டும். மனிதர். மிருகம். பொருள். யாருமில்லை. ஒரு நாளைக்கு எண்ணூறு துண்டு. இவள் அழுத்துவதைப் பார்த்துத்தான் கதவுகளும் விளக்குகளும் லிஃப்டுகளும் வீட்டில் பேசுகிற கருவிகளும், ஆள் இருக்கிறதா இல்லையா என்று கற்றுக்கொள்கின்றன. அந்த வேலையில் இவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு பெருமூச்சு ஆணுடையதா பெண்ணுடையதா என்றுகூடச் சொல்லிவிடுவாள். பதினோரு மாதமாக ஒரு தப்புகூட இல்லை. திரையின் ஓரத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் தங்க நிறத்தில் ஒரு சின்னக் காது மின்னும்.

வேலைக்குச் சேர்ந்தவர்களின் வீட்டிலும் ஒரு கருவி வைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பச்சை விளக்கோடு ஹாலில் உட்கார்ந்திருக்கும் அதற்கு வீட்டில் ‘கிளி’ என்று பெயர். யாராவது உள்ளே நுழைந்தால் “ஒருவர் வந்திருக்கிறார்” என்று சொல்லும். பழகிப் போய், அது சொன்னால்தான் எல்லோரும் ஃபோனிலிருந்து தலை நிமிர்வார்கள். அந்த வீடு மட்டுமில்லை, அந்தக் கட்டடமே அப்படித்தான் ஆகியிருந்தது. கதவு மணி அடிப்பதை விட்டார்கள். ‘யாரது’ என்று குரல் கொடுப்பதை விட்டார்கள். அதெல்லாம் கருவியின் வேலை என்று ஆகிவிட்டது.

வராந்தா விளக்கு எரியாத மறுநாள், லிஃப்டின் கதவு சின்னவள் உள்ளே கால் வைத்தபோதே மூடியது. குறுக்கே கை நீட்டினால் திறந்துகொள்ள வேண்டிய கதவு. திறக்கவில்லை. தோளைக் கவ்விக்கொண்டு நெருக்கியது, நிதானமாக, காலி இடத்தை மூடுவதுபோல. அக்கா தன் கையை உள்ளே விட்ட பிறகுதான் விலகியது. சின்னவளின் தோளில் நீளமாக ஒரு நீலக் கோடு.

“கழுத மாதிரி கனம்டி நீ. உன்னத் தெரியலையாமா அதுக்கு?” என்று எண்ணெய் தடவிக்கொண்டே அக்கா கேட்டாள்.

ஹாலுக்கு வந்து கேட்டாள். “கிளி, வீட்ல எத்தன பேரு?”

“வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.”

வீட்டுக்காரர் சோபாவில். அவள் நின்றுகொண்டு. சின்னவள் கிளிக்கு ஒரு சாண் தூரத்தில், அதற்கு முகத்தைக் காட்டிப் பல்லிளித்துக்கொண்டு.

“கிளிக்கும் உன் வாய்க்குப் பயம் போல வாயாடி!” என்று அவர் சிரித்தார். சின்னவளும் தோள் குலுங்கச் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை. வேலை முடிய நாலு துண்டு பாக்கி. எழுநூற்றுத் தொண்ணூற்றேழாவது துண்டு. ஹெட்போனுக்குள் ஒரு மின்விசிறி இரைச்சல், அதன் அடியில் சர்ர்... டக். பிறகு ‘ம்க்’. கேட்ட நிமிஷமே தெரிந்துவிட்டது, இது நம் வீட்டு ஹால், இது நம் சின்னவள், நம்மைத்தான் சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று. உதடுகூடச் சிரித்தது. ஆனால் விதிப் புத்தகத்தில், சொல் இல்லாத, சிரிப்போ இருமலோ அழுகையோ இல்லாத ஒலி சந்தேகத்துக்குரியது, சந்தேகம் என்றால் ‘யாருமில்லை’ என்று போட்டிருந்தது. ‘மனிதர்’ என்று அழுத்தி, தப்பு என்று திரையில் சிவப்பு வந்துவிட்டால் பதினோரு மாதத் தங்கக் காது போய்விடும். ஒரு விநாடி. அரை விநாடிகூட இருக்காது. யாருமில்லை. பச்சை வந்தது. அவள் எழுந்து சாப்பிடப் போனாள். தங்கைதான் பரிமாறினாள்.

காலையில் மேற்பார்வைக்காரியைக் கூப்பிட்டாள்.

“என்ன காதுக்காரி, நீங்களே கூப்பிடுறீங்க? மழை கொட்டப் போகுது.”

“ஒரு குறி தப்பாப் போட்டுட்டேன் மேடம். மாத்தணும்.”

“நீங்களா? தப்பா?”

“வெள்ளிக்கிழமை. ஒரு கால் சத்தம். யாருமில்லைன்னு அழுத்திட்டேன். ஆளு இருந்துச்சு.”

“ஒண்ணுதானே. விடுங்க.”

“விட முடியாது மேடம். அது என் தங்கச்சி.”

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டுகிற சத்தம். “அது அளவுகோல்ல சேந்திருச்சே. தெரியாதா உங்களுக்கு? மத்தவங்க போடுறது சரியான்னு உங்களோடத வச்சுத்தான பாக்குறோம். அந்த மாதிரிச் சத்தத்துக்கு ஆளுன்னு போட்டவங்களுக்கெல்லாம் செவப்பு விழுந்திருக்கு. ரெண்டு நாள் முணுமுணுத்தாங்க. இப்ப ஒருத்தர் பாக்கி இல்லாம உங்கள மாதிரியேதான் போடுறாங்க.” குரலில் ஒரு வாஞ்சை. “என்ன காது உங்களுக்கு!”

“நான்தான் போட்டேன். நானே எடுக்க முடியாதா?”

“எடுக்கணும்னா மத்தவங்களும் ஒத்துக்கணும். ஆளு இருந்துச்சுன்னு சொல்றது நீங்க ஒருத்தர்தான.” மேற்பார்வைக்காரி கேட்டாள். “ஆமா, உங்களுக்குத் தங்கச்சி இருக்கா என்ன? வீட்ல ரெண்டே பேருன்னுதான இங்க இருக்கு?”

அன்று மத்தியானம் சலவைக் கடைக்காரர் வாசலில் வந்து நின்றார். நல்ல மனுஷன். சின்னவள் வெயிலில் வந்தால் முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் வேலை சொல்வார். கிளி “ஒருவர் வந்திருக்கிறார்” என்றது.

“பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையாம்மா? நாலு நாளா ஆளக் காணோமே.”

“நாலு நாளாவா? தினமும் வர்றாளேண்ணே. இப்பக்கூட ஒங்க கடையிலதான இருக்கா?”

“இல்லையேம்மா. வருகை மெஷின்ல பேரே விழல. நானும் கடையிலயேதான இருக்கேன்.” சொல்லிவிட்டு அவர் பிடரியைச் சொறிந்தார். சொல்லலாமா வேண்டாமா என்ற யோசனை. “ஆனா ஒண்ணும்மா. துணியெல்லாம் மடிச்சிருக்கு. கொஞ்சம் திரும்பிட்டுப் பாத்தா பத்து சட்ட மடிச்சிருக்கு. மூலைக்கு மூலை எடுத்து, பாப்பா மடிக்கிற மாதிரியே. யாரு மடிக்கிறான்னுதான் தெரியல. எனக்கு அங்க தனியா நிக்கவே ஒரு மாதிரி இருக்கும்மா.”

அவர் முதுகுக்குப் பின்னால், வராந்தா இருட்டில், சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். அவரோடு கூடவே நடந்து வந்திருக்கிறாள். முதலாளியின் சட்டையை மெல்லப் பிடித்து இழுத்தாள். அவர் சட்டையை நீவி விட்டுக்கொண்டு, “காத்து” என்றார். காற்றே இல்லை.

சின்னவள் அன்று பேய் வேஷம் போடவில்லை. உள்ளே வந்து சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் விரித்து, தன் நெஞ்சைத் தொட்டு, நான் எங்கே என்று கேட்டாள்.

“இங்கதான்டி இருக்க. எங்கிட்ட இருக்க. நான் பாத்துட்டேதான இருக்கேன்?”

சாயங்காலம் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து தானே தேநீர் போட்டார். கொண்டு வந்தது இரண்டு கோப்பை.

“அவளுக்கு?”

“யாருக்கு?”

“வாயாடிக்கு.”

அவர் ஃபோனிலிருந்து நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி இல்லை, கோபம் இல்லை. அக்கறைதான் இருந்தது. அதுதான் அவளைக் கொன்றது. “கொஞ்ச நாள் லீவு போடேன்மா. நாள் முழுக்க காதுல மாட்டிக்கிட்டே இருந்தா யாருக்கும் தல கலங்கும்.” அவர் காலை நீட்டி வைத்த இடத்தில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். தன் மடியில் கிடக்கிற அந்தக் காலைப் பார்த்தபடி, அசையாமல், கண்ணீர் வழிய.

அடுத்த நாள் காலை அவர் வேலைக்குப் போன பின் காதுக்காரி மேசையில் போய் உட்கார்ந்தாள். ஒரே ஒரு வழிதான் தோன்றியது. கேட்டுக் கெட்ட கருவிகள் கேட்டுத்தான் திருந்தும். இழுபடும் கால், ‘ம்க்’, தொண்டைச் செருமல், பேச்சில்லாத எவருடைய சத்தம் வந்தாலும் ‘மனிதர்’ என்று அழுத்துவது. காது போனால் போகட்டும், வேலையே போனாலும் போகட்டும். சின்னவளை ஹாலில் கிளிக்கு முன்னால் உட்கார வைத்து, தட்டிக்கொண்டே இரு, கூப்பிட்டுக்கொண்டே இரு என்று சொன்னாள்.

சத்தங்கள் வந்தன. எத்தனை வீடுகள் அப்படி! ஊன்றுகோல் மாதிரி ஒன்று தரையில் தட்டிக்கொண்டே போயிற்று. யாரோ பல்லில்லாத வாயால் மூச்சு விட்டார்கள். எங்கோ ஒரு கை கதவைப் பிறாண்டியது, நகத்தால், சலிக்காமல், அந்தப் பக்கம் ஆட்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க. நம் சின்னவள் மட்டும் இல்லை. ஐயோ, இவள் மட்டும் இல்லை. மனிதர். சிவப்பு. மனிதர். சிவப்பு. ஒவ்வொரு சிவப்புக்குக் கீழேயும் சரியான விடை வந்து நின்றது: யாருமில்லை. அதற்கும் கீழே சின்ன எழுத்தில்: உங்கள் குறியின்படி.

பத்து மணிக்குத் தங்கக் காது மறைந்தது. அவள் நிறுத்தவில்லை. எவ்வளவு நேரம் ஆயிற்றோ, தண்ணீர் குடிக்க எழுந்து ஹாலுக்கு வந்தாள்.

ஹால் காலியாக இருந்தது.

“சின்னவளே?”

குளியலறை காலி. சமையலறை காலி. வெளிக்கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டபடியே இருந்தது. சன்னல் வழியாக வெயில் ஒரு பாய் அளவுக்குத் தரையில் விழுந்திருந்தது. அதில் தூசி பறந்தது. எங்கே போயிருப்பாள் என்று நினைத்தாள். பிறகு, யார் எங்கே போயிருப்பாள் என்று நினைத்தாள். அந்த இரண்டாவது நினைப்பு நெஞ்சில் இடித்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ‘ம்க்’, ‘ம்க்’ என்று தன் தொண்டையாலேயே அந்தச் சத்தத்தைச் செய்து பார்த்தாள். திறந்தாள். கண்ணாடியில் ஆவி விலகுவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக.

மூக்குக்கு ஒரு விரற்கடை தூரத்தில் சின்னவளின் முகம்.

கத்திக்கொண்டிருந்தாள், சத்தமில்லாமல். அக்காவின் முகத்துக்கு நேரே கை தட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகத் தட்டினாளோ, இரண்டு உள்ளங்கையும் ரத்தம் கட்டிச் சிவந்திருந்தன.

அக்கா அவளைக் கட்டிப் பிடித்தாள். பிடித்த கை தளர்ந்தால் போய்விடுவாளோ என்று பயம். படுக்கை விரிப்பை உருவி, நீளமாகக் கிழித்தாள். ஒரு நுனியைத் தன் இடது மணிக்கட்டில் கட்டினாள். மறுநுனியைத் தங்கையின் வலது மணிக்கட்டில் சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டாள்.

“நான் மறந்தேன்னு வச்சுக்கோ, இழு. கை பிஞ்சாலும் பரவால்ல, இழு. சரியாடி?”

சின்னவள் தலையை ஆட்டினாள். மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அக்காவின் முழங்காலில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். காதுக்காரி ஹெட்போனை மாட்டினாள்.

மனிதர். சிவப்பு.

மனிதர். சிவப்பு.

வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறியது. முதுகு வலித்தது. மனிதர். சிவப்பு. பிறகு ஒரு துண்டு வந்தது. கேட்டாள். மின்விசிறி இரைச்சல். மறுபடி கேட்டாள். கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, அந்த இரைச்சலின் அடிவரைக்கும் போய்த் துழாவினாள். எதுவும் இல்லை. சத்தியமாக எதுவும் இல்லை. இதற்குப் போய் ‘மனிதர்’ என்று போடுவது பொய் அல்லவா?

யாருமில்லை.

பச்சை.

இத்தனை மணி நேரத்துக்குப் பிறகு வந்த முதல் பச்சை. உடம்பெல்லாம் தளர்ந்து இளகியது. அடுத்த துண்டு. யாருமில்லை. பச்சை. அடுத்தது. பச்சை. திரையின் ஓரத்தில் தங்கக் காது மங்கலாக மறுபடி முளைத்தது.

இடது கையை ஏதோ இழுத்தது.

அவள் குனிந்து பார்த்தாள். மணிக்கட்டில் துணி. கிழிந்த துணி. இதை யார் கட்டியது? எப்போது? துணி மேசை விளிம்பைத் தாண்டிக் கீழே போயிற்று. தொங்கவில்லை. விறைத்து நீண்டிருந்தது. அதன் மறுநுனி, தரைக்கு இரண்டு அடி மேலே, ஒரு வளையமாக நின்றது. முடிச்சு முடிச்சாக. வட்டமாக. உள்ளே ஒன்றும் இல்லாமல்.

வளையம் அசைந்தது.

இழுத்தது.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். நாற்காலி சாய்ந்தது. சுவரோடு ஒட்டினாள். துணி கூடவே வந்தது. இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. கெஞ்சுவது மாதிரி. ஒரே தாளத்தில்.

“கிளி!” ஹால் பக்கம் பார்த்துக் கத்தினாள். “கிளி, வீட்ல யாரு இருக்கா?”

“வீட்டில் ஒருவர் இருக்கிறார்.”

ஒருவர். அவள்தான். அப்படியானால் இது?

மேசை இழுப்பறை. கத்தரிக்கோல். முடிச்சு அவிழாது, அவ்வளவு பலமாக யாரோ போட்டிருக்கிறார்கள். துணிக்கு நடுவே கத்தரியை வைத்தாள். அந்த நிமிஷம் இழுப்பு வெறி பிடித்ததுபோல் ஆனது. குலுக்கியது. வலித்தது. எலும்பு வரைக்கும் வலித்தது.

வெட்டினாள்.

துணி அறுந்தது. அவள் பக்கத்துத் துண்டு கீழே தொங்கியது. அந்தப் பக்கத்துத் துண்டு விழவில்லை.

அது அங்கேயே நின்றது, வெயிலில். பிறகு மெல்ல மேலே போனது. இடுப்பளவு. நெஞ்சளவு. அவளுடைய முகத்துக்கு நேரே, அதே உயரத்துக்கு வந்து, அறுந்த நுனி வளைந்து எதையோ ஒற்றியது. இந்தப் பக்கம் ஒரு தரம். அந்தப் பக்கம் ஒரு தரம். ஒற்றிய இடமெல்லாம் துணியில் ஈரம் பரவிக்கொண்டே இருந்தது.